எட்டாவது குடம்

அத்தியாயம் ஒன்பது

செங்கோட்டையிலிருந்து மலையேறும் ரயிலுக்கு இன்னும் ஒரு மணி இருபது நிமிஷம் இருந்தது. அந்த ரயிலில் கையில் விலங்கோடு ஏறப்போகிறவன் மீரான். அவனுடைய அண்ணன் ஆதமோ குற்றாலத்தில் ஒரு பங்களாத் தோட்டத்தில் குத்தவைத்து, ஒரு பொம்மை ரயிலை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆதம் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஆறு வருஷமாகத் துப்பறியும் தளவாய்க்கு உதவியாளன். துக்க வீட்டுக்குப் போனாலும் நாலு பேரைச் சிரிக்கவைத்துவிட்டுத்தான் திரும்புவான். அப்படிப்பட்டவனுக்கு நேற்று மாலையிலிருந்து சோறு இறங்கவில்லை. கூடப்பிறந்தவன் கொலைக் குற்றத்தில் மாட்டிக்கொண்டால் யாருக்குத்தான் இறங்கும்?

நடந்தது இவ்வளவுதான். ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் குத்தாலிங்கம் பிள்ளை நேற்று விடியற்காலையில் மீரானின் குதிரை வண்டியில் ஏறிப் போனார். போனவர் திரும்பவில்லை. மத்தியானம் அவர் மகள் மங்களேஸ்வரி வெளியூரிலிருந்து இந்த வீட்டுக்கு வந்து பார்த்தபோது அடுப்படிப் பக்கம் ஒரு சட்டியில் சிவப்புத் தண்ணீர். அங்கிருந்து வாசல் வரை சிவப்புச் சொட்டுகள். அவள் போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. சாயங்காலம் செங்கோட்டையில் மீரானின் வண்டியை மடக்கினார்கள். வண்டியில் பிள்ளை இல்லை. சிவப்பு தோய்ந்த வெள்ளைத் துண்டின் கிழிசல் ஒன்று மட்டும் இருந்தது.

கிழவரை எங்கே இறக்கினாய் என்று கேட்டார்கள். அடித்துக் கேட்டார்கள். மீரான் வாயே திறக்கவில்லை. உம்மா சைதூன் பீவி கம்பிக்கு வெளியே நின்று மாரில் அடித்துக்கொண்டு கேட்டாள். அப்போதும் தலையைக் குனிந்துகொண்டான். அவன் பிடிபட்ட செங்கோட்டை, மலைக்கு அந்தப் பக்கத்து மகாராஜாவின் எல்லை. அதனால் வழக்கு மலைக்கு அந்தப் பக்கம் போகிறது. அங்கே வேறு கச்சேரி, வேறு சட்டம், தெரிந்த முகம் ஒன்று கிடையாது. கிழவர் உயிரோடு அகப்பட்டால் மீரான் பிழைத்தான். இல்லாவிட்டால் கயிறுதான்.

"அண்ணாச்சி, நாமளும் அரை மணி நேரமா இந்த ரயிலயே பாக்குதோம். இது கெளம்புததுக்குள்ள அந்த ரயிலு போயிரும்" என்றான் ஆதம்.

தளவாயின் கண் தரையிலேயே இருந்தது. சர்வே இலாகாவில் இருபது வருஷம் நிலம் அளக்கும் சங்கிலி இழுத்தவர் அவர். மண்ணைக் கண்டால் மனுஷர்களை மறந்துவிடுவார்.

தகரக் கொட்டகைக்குக் கீழே நாற்பது அடி நீளத்துக்குக் கிடந்தது பிள்ளையின் ரயில் பாதை. தென்காசி, செங்கோட்டை, அப்புறம் மலை, மலைக்குள் ரயில் நுழைந்து போகும் குகைகள் என்று நிஜப் பாதையில் உள்ளதெல்லாம் இருந்தது. தண்டவாளத்துக்குத் தகடு வெட்டி, தேக்குத் துண்டுகளைக் குறுக்குக் கட்டையாகப் பதித்து, முழங்கால் உயரத்துக்குக் கல்லும் களிமண்ணும் குழைத்து மலை எழுப்பியிருந்தார். ஸ்பிரிட் விளக்கில் ஆவி கட்டி ஓடும் பித்தளை இன்ஜின் ஒன்று, அதற்குப் பின்னால் நாலு பெட்டி. ஓடுவது பொம்மைதான் என்றாலும் சட்டம் நிஜச் சட்டம். அடுத்த ஸ்டேஷனிலிருந்து மணி அடித்து 'லைன் கிளியர்' என்ற அனுமதி வரவேண்டும். பித்தளை வளையம் ஒன்றை இன்ஜினில் மாட்டவேண்டும். வளையம் மாட்டாமல் வண்டி ஒரு அங்குலம் நகராது.

இப்போது அந்த மலையில் பாதி சரிந்து இரண்டாம் குகையின் வாயை மூடியிருந்தது. பக்கத்தில் ஒரு குடமும் பூவாளியும் உருண்டு கிடந்தன. மீரானும் கிழவரும் கட்டிப் புரண்டதில் இடிந்த மலை என்று போலீஸ் எழுதிக்கொண்டு போயிருந்தது.

"ஏலே, அந்தக் கைகாட்டியப் பாரு" என்றார் தளவாய்.

குகைக்கு முன்னால் விரல் நீளத்தில் ஒரு கைகாட்டி நின்றது. அதன் கை மட்டமாக நீட்டியிருந்தது.

"கை கீழ விழுந்தா வண்டி போகலாம். மட்டமா நின்னா வண்டி நிக்கணும். வண்டி ஒரு சாண் முன்னாலயே ஒழுங்கா நிக்குது. வளையம் இன்ஜின்ல தொங்குது. விளக்க ஊதி அணைச்சு மூடியும் போட்டிருக்கு. ஒந் தம்பி கத்தியத் தூக்கிட்டு வந்தப்போ, கொஞ்சம் பொறுலே, கைகாட்டிய ஏத்திட்டு வாரேன்னு சொல்லியிருப்பாரா?"

"சொல்லக்கூடிய ஆளுதான் அண்ணாச்சி. எமன் வந்தாலும் லைன் கிளியர் வாங்கிட்டியாடேன்னு கேப்பாரு."

சொல்லிவிட்டானே தவிர, ஆதமுக்குச் சிரிப்பு வரவில்லை. தளவாய் அதைக் கவனிக்காத மாதிரி சரிந்த மண்ணை விரலால் கிளறினார்.

"சண்டையில மிதிபட்ட மண்ணு கீழ இருந்து சிதறும். இது மேல இருந்து வழுக்கிட்டு வந்திருக்கு. இங்கன பாரு, மேல புதுசா ஒரு கோடு கீறியிருக்கு. தாயி, இது என்னது?"

மங்களேஸ்வரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"மரம் வெட்டுத கூப்புல தடி இழுக்க அந்தக் குகைக்கு மேல புதுசா வண்டிப்பாதை வெட்டிட்டாங்களாம் அண்ணாச்சி. அங்கன வெட்டுனத இங்கனயும் கத்தியால கீறிட்டாவ. அங்கன என்ன இருக்கோ அது இங்கனயும் இருக்கணும் அப்பாவுக்கு. அந்தப் பாதை வழியா மழைத்தண்ணி எறங்கி மலையக் கொண்டு வந்துரும்னு ஒரு மாசமாப் பொலம்பல். ரயில்காரங்ககிட்டப் போயிச் சொன்னாவ. வீட்டுல பொம்மைக்குக் கொடி காட்டும்வே, இனிமே லைன்ல கால வச்சா உள்ள தூக்கிப் போட்ருவோம்னு வெரட்டி விட்டுட்டாங்க."

"இந்தச் சிலேட்டு?"

தூணில் ஒரு சிலேட்டு தொங்கியது. மேலே 'ஆடி 5' என்று எழுதி, அதன் கீழ் வரிசையாக ஏழு கோடு. எட்டாவது கோட்டைச் சுற்றி வட்டம். போலீஸ் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

"மாடியில மழை அளக்க ஒரு பாட்டில் வச்சிருக்காவ. ஒரு நாள் மழைக்கு இந்தப் பொம்மை மலைக்கு எவ்வளவு தண்ணின்னு கணக்குப் போட்டு, பூவாளியில ஊத்திப் பாப்பாவ. ஒரு நாள் மழைக்கு ஒரு குடம்னு வரும்."

"சாரல் என்னைக்குப் பிடிச்சுது?"

"ஆடி அஞ்சாந் தேதி. அன்னையில இருந்து விடவே இல்ல."

"இன்னைக்குத் தேதி?"

"பன்னெண்டு."

ஆதம் விரல் விட்டு எண்ணினான். அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. எட்டாவது விரலில் அவன் கை அப்படியே நின்றுவிட்டது. கொட்டகைத் தகரத்தில் மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது.

"ஏழு குடத்த மலை தாங்கிட்டு" என்றார் தளவாய் மெதுவாக. "இன்னைக்குப் பெய்யுத மழைக்குண்டான தண்ணியையும் மனுசன் நேத்தே ஊத்திப் பாத்திருக்காரு. எட்டாவது குடத்துல எறங்கிட்டு. சொன்னா நம்பமாட்டாங்க, வெரட்டுவாங்க. அதனால வண்டியப் பிடிச்சு தாமே போயிட்டாரு."

"எட்டாவது குடம் இன்னைக்குத்தான். இன்னைக்கு அந்தக் குகைக்குப் போற ரயில்லதான் மீரான ஏத்துதாங்க அண்ணாச்சி!" ஆதம் குதித்து எழுந்தான். "வாங்க, போயிச் சொல்லுவோம்."

"எதச் சொல்லுவ? பொம்மை மலை சரிஞ்சதுன்னா? அவரு சொன்னப்பவே சிரிச்சாங்க. கொலைகாரனோட அண்ணன் சொன்னா கேப்பாங்களா? மொதல்ல அந்த ரத்தத்தைக் கழுவணும்லே. தாயி, ரயில நிப்பாட்டணும்னா செவப்புக் கொடி வேணுமே. அப்பாகிட்ட இருந்துதா?"

"ஓய்வு வாங்குன அன்னைக்கே திருப்பிக் குடுத்துட்டாவ. அவுக துணி எல்லாம் வெள்ளை. எஞ்சேலை இருந்த பெட்டியப் பூட்டிச் சாவிய ஆய்க்குடிக்குக் கொண்டு போயிட்டேன்."

தளவாய் குனிந்து பொம்மைச் செங்கோட்டை ஸ்டேஷனுக்குப் பின்னாலிருந்து ஒரு சிறு மண்சட்டியை எடுத்தார். அடியில் சுண்ணாம்பு காய்ந்திருந்தது. வழித்து எடுத்த விரல் தடம் நாலு அப்படியே தெரிந்தது.

"அப்பா வெத்தல போடுவாவளா?"

"இல்ல. அது ஸ்டேஷன் சுவருக்கு வெள்ளையடிக்க."

"சுவரெல்லாம் பாசி பிடிச்சுக் கெடக்கு தாயி. ஒரு சுவருக்கும் அடிக்கலையே. அப்போ சுண்ணாம்பு எங்க போச்சு?"

பதில் வருமுன் அவர் அடுப்படிக்கு நடந்துவிட்டார். தாழ்வாரக் கல்லில் சொட்டுகள் பழுப்புச் சிவப்பாக உறைந்திருந்தன. சட்டியைப் போலீஸ் எடுத்துப் போயிருந்தது. அம்மியைத் தடவிப் பார்த்தார். விரல் மஞ்சளாக வந்தது.

"எலுமிச்சம்பழம் இருக்கா தாயி?"

"இந்த நேரத்துல சர்பத்தா அண்ணாச்சி?" என்றான் ஆதம். அழுகிறானா கேலி பண்ணுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

தளவாய் பழத்தை அரிந்து ஒரு சொட்டின் மேல் பிழிந்தார். மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள். கண்ணுக்கு முன்னாலேயே சிவப்பு கலைந்து பளிச்சென்று மஞ்சள் ஆனது.

"ஆரத்தி!" என்று வீறிட்டாள் மங்களேஸ்வரி. "மஞ்சளும் சுண்ணாம்பும்! ஐயோ, எத்தனை கல்யாணத்துக்குக் கரைச்சிருக்கேன். பதட்டத்துல என் கண்ணு அவிஞ்சு போச்சே. நான் போட்ட கூச்சலாலதான அந்தப் பையன..."

"ரத்தத்துல எலுமிச்சை பிழிஞ்சா மஞ்சள் ஆகாது. துண்டை நனைச்சுக் கொடி பண்ணியிருக்காரு மனுசன். ஓரத்தைக் கிழிச்சு எதையோ கட்டப் போயி, மிஞ்சுன கிழிசல வண்டியில போட்டிருக்காரு" என்றார் தளவாய்.

ஆதமுக்குச் சிரிப்பு பீறிட்டது. தாழ்வாரத்திலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வர, பைத்தியக்காரன் மாதிரி சிரித்தான். தம்பி கொலைகாரன் இல்லை. அதற்கு மேல் அந்த நிமிஷத்தில் அவனுக்கு உலகத்தில் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

சீசன் கூட்டத்தில் வாடகை மோட்டார் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. குளிக்க வந்த ஒரு குடும்பத்தைக் கெஞ்சி இறக்கிவிட்டு இரண்டு பேரும் ஏறினார்கள். மடியில் எலுமிச்சம்பழம். வழியெல்லாம் வயலும் தென்னையும் மழையில் கரைந்து தெரிந்தன.

"பெரியவரு குகைக்கு முன்னால செவப்புக் கொடியோட நிப்பாரு. ரயிலு நிக்கும். நாம போயி இவங்க மொகத்துல பழத்தப் பிழிவோம். கவலைய விடு" என்றார் தளவாய்.

ஆதம் தலையாட்டினான். மோட்டாரின் படுதா வழியாகச் சாரல் அவன் முகத்தில் அடித்தது. கையால் வழித்தான். வழித்த கையைப் பார்த்தான். போன வருஷம் தெருவில் பிச்சுமணி வீட்டுக் கல்யாணம். வாசலில் ஊற்றின ஆரத்தி ரத்தமாகக் கிடந்தது. சாயங்காலம் ஒரு மழை பெய்தது. அப்புறம் அந்த வாசல் எப்படி இருந்தது?

"அண்ணாச்சி" என்றான். "மழையில சுண்ணாம்பு கழுவிப் போயிருமே."

தளவாய் திரும்பினார்.

"நேத்து காலையில இருந்து நனையுது அந்தத் துண்டு. சுண்ணாம்பு போயிட்டா மிச்சம் வெறும் மஞ்சளுதான். அவரு கையில இருக்கது இப்போ மஞ்சத் துண்டு அண்ணாச்சி. மஞ்சத் துணியப் பாத்து எந்த ரயிலு நிக்கும்?"

தளவாய் முன்னால் சாய்ந்து டிரைவரின் தோளை அழுத்திப் பிடித்தார். "விரட்டுவே" என்றார். அவ்வளவுதான்.

செங்கோட்டை ஸ்டேஷனில் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. ரயில் போய் எட்டு நிமிஷம் ஆகிறது என்றான் போர்ட்டர். ஆதம் பிளாட்பாரத்தில் ஓடினான். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல், பிளாட்பாரம் முடிகிற வரைக்கும் ஓடினான். தளவாய் அவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துவந்து மோட்டாரில் தள்ளினார். மலை ரோடு ரயில் பாதைக்குக் கீழே கூடவே போகிறது. ஏற்றத்தில் ரயில் நடைவேகத்தில்தான் ஊரும். முந்தினாலும் முந்தலாம் என்றார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

மூன்று வளைவு ஏறினார்கள். மழையில் முன்னால் பத்தடி தெரியவில்லை. ஆதம் வாய்விட்டுத் துவா ஓதினான். ஓத ஓத வார்த்தை மறந்தது. மறந்த இடத்தில் தம்பியின் பேரைச் சொன்னான்.

நாலாவது வளைவில் மலை உறுமியது. இடி இல்லை அது. மண்ணும் மரமும் பாறையும் சேர்ந்து இறங்குகிற சத்தம் வயிற்றுக்குள் கேட்டது. அதை அடுத்து மேலே இன்ஜின் ஊதல் விட்டுவிட்டு அலறியது. அப்புறம் சத்தமே இல்லை.

ஆதம் ஓடுகிற மோட்டாரிலிருந்து குதித்துவிட்டான். புதரைப் பிடித்து, வழுக்கி விழுந்து, முழங்கால் கிழிய மேலே ஏறினான். நாலு பெட்டியும் கவிழ்ந்து கிடப்பதாக அவன் கண்ணுக்குள் தெரிந்தது. உம்மாவிடம் என்ன சொல்வது என்பது வரைக்கும் யோசித்துவிட்டான்.

மேலே ரயில் நின்றுகொண்டிருந்தது. ஒரு சக்கரம்கூடத் தண்டவாளத்தை விட்டு இறங்கவில்லை. இன்ஜினுக்கு முன்னால் ஒரு பெட்டி நீளம் தண்டவாளம் தெரிந்தது. அதற்கப்பால் குகையும் இல்லை, தண்டவாளமும் இல்லை. செம்மண்ணும் வேரோடு பெயர்ந்த மரங்களும்தான் கிடந்தன. ஜனங்கள் இறங்கி, கும்பிட்டுக்கொண்டும் அழுதுகொண்டும் நின்றார்கள்.

"எவன் நிப்பாட்டுனது?" என்று கேட்டபடி வந்து சேர்ந்தார் தளவாய், மூச்சிரைக்க.

ரயில் கார்டு மூன்றாவது பெட்டியைக் கையால் காட்டினார். "சரிவுல எவனோ மஞ்சத் துணிய ஆட்டுததை டிரைவரும் பாத்தாரு, நானும் பாத்தேன். ஆடு மேய்க்கிறவன்னு விட்டுட்டோம். அந்தக் கைதிதான் அபாயச் சங்கிலியப் பிடிச்சுத் தொங்கிட்டான். தப்பிச்சு ஓடப் பாக்குதான்னு கான்ஸ்டபிள் தடியால அடிச்சிருக்காரு. வண்டி நிக்கிற வரைக்கும் விடலையாம்."

மீரான் படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் மூடிப்போய், உதடு கிழிந்து, விலங்கு அழுத்திய மணிக்கட்டில் தோல் உரிந்திருந்தது. இது மஞ்சளும் சுண்ணாம்பும் இல்லை. ஆதம் அவன் காலடியில் உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

"சன்னல் வழியாப் பாத்துக்கிட்டே வந்தேன் அண்ணே. கீழ எறங்க முடியாமக் கெடந்தாரு. அவருதான்னு எனக்கு மட்டுந்தான தெரியும்" என்றான் மீரான்.

அதற்குள் நாலு பேர் குத்தாலிங்கம் பிள்ளையைத் தூக்கிவந்தார்கள். நேற்று சாயங்காலம் சரிவில் விழுந்து கணுக்கால் முறிந்து, ஒரு பாறை ஓரத்தில் ராத்திரி முழுக்க நனைந்து கிடந்திருக்கிறார். உதடு நீலம் பாரித்திருந்தது. தளவாய் காதோரம் குனிந்து நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். கிழவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் மீரானின் முகத்தையும் விலங்கையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னைக் கொன்னுட்டேன்னு சொல்லியா அடிச்சாங்க? எங்கன எறக்கி விட்டேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதாடே?"

"நீங்கதான ஐயா சொன்னீங்க? தெரிஞ்சா வந்து பிடிச்சு எறக்கிருவாங்க, ரயிலு போயிரும், நானா வந்து சொல்லுத வரைக்கும் வாயத் தெறக்காதன்னு சத்தியம் வாங்குனீங்களே."

"அதுக்காக இவ்வளவு அடி வாங்குவாங்களாடே? இப்பக்கூட இந்தக் கான்ஸ்டபிள்கிட்ட ஏன் சொல்லல?"

மீரான் அவரை நிமிர்ந்து பார்த்தான்.

"நீங்க இன்னும் சொல்லலையே ஐயா."

குத்தாலிங்கம் பிள்ளை தூக்கிவந்தவர்களின் கைகளை உதறினார். முறிந்த காலோடு பெட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். வலியில் முகம் கோணியது. கான்ஸ்டபிளைப் பார்த்து, ரயில் முழுக்கக் கேட்கும்படி கத்தினார்.

"நான் குத்தாலிங்கம். உயிரோட இருக்கேன். நானாத்தான் வந்தேன். இவன் கைய அவுத்து விடும்வே!"

கான்ஸ்டபிள் சாவியைத் தேடி மடியைத் தடவினார். சாவி கை தவறிக் கீழே விழுந்தது. ஆதம்தான் அதைச் சேற்றிலிருந்து எடுத்துத் தம்பியின் விலங்கைத் திறந்தான். திறந்த கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதான். அவனைச் சுற்றி நின்றவர்களும் அழுதார்கள்.